என்கிரேவிங்: செதுக்கலா, பொறிப்பா?

வனாந்தரத்தில் கிறித்தவத் துறவியான புனித ஜெரோம் மண்டியிட்டிருக்கிறார். கையிலுள்ள கல்லால் மார்பில் அடித்துக்கொள்கிறார். எதிரே சிறு சிலுவை, பக்கத்தில் சிங்கம், சுற்றிலும் பாறைகள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1496 வாக்கில் உருவாக்கிய என்கிரேவிங் இது, அதாவது செப்புத் தகட்டில் கோடுகளை வெட்டித் தாளில் அச்சிட்ட படம். தமிழில் இவ்வகைப் படத்தைச் 'செதுக்கோவியம்' என்று எழுதிவிடுகிறோம். அதில் எனக்கு உடன்பாடில்லை.

'என்கிரேவ்' என்பதன் அடியில் இருப்பது 'கிராஃபன்' என்ற பழைய ஆங்கிலச் சொல். தோண்டு என்று பொருள். கல்லறையைக் குறிக்கும் 'கிரேவ்' என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். ஜெர்மன் மொழியில் இன்றும் தோண்டுவதற்குக் 'கிராபன்' என்கிறார்கள்.

வேலையும் தோண்டுகிற வேலைதான். வழவழப்பான செப்புத் தகட்டில், 'பியூரின்' என்ற கூரிய எஃகுக் கருவியை உள்ளங்கையால் அழுத்தித் தள்ள வேண்டும். ஏர் முனை மண்ணைக் கிழிப்பதுபோல் அது செம்பைச் சுருளாகப் பெயர்த்தெடுத்துச் செல்லும். பொற்கொல்லரின் மகனான டியூரருக்கு இது அப்பாவின் பட்டறையில் பழகிய கை. பிறகு தகடு முழுக்க மையைத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுவார்கள். பள்ளங்களில் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே நசுக்கினால் அந்த மை தாளில் ஏறும், படம் இடவலம் மாறி விழும். அதனால் டியூரர் தன் பெயரின் முதலெழுத்துகளைக்கூடத் திருப்பித்தான் வெட்டவேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். செதுக்குவது என்றால் வேண்டாததை நீக்கி வேண்டியதை நிறுத்துவது. மர அச்சுக்கு அது கச்சிதம்: கோட்டைச் சுற்றியுள்ள மரத்தை வெட்டியெறிந்தால் கோடு மேடாக நிற்கும், மை அந்த மேட்டில் ஏறும். செப்புத் தகட்டிலோ கோடே பள்ளம். இதற்குப் 'பொறி' என்ற வினைதான் பொருந்தும். இமயத்தில் வில்லைப் பொறித்ததும், பானையோட்டில் பெயரைப் பொறித்ததும் இதே செயல்தான். (பொறிக்கு இயந்திரம் என்ற பொருளும் உண்டு, இங்கே குழப்பம் வராது.) மேலும், கிடைப்பது அச்சுப் படி, ஒரே ஒரு ஓவியம் அல்ல. ஆகவே 'பொறிப்பச்சு' என்பேன்.

1512-இல் டியூரர் வனத்து ஜெரோமை மறுபடி செய்தார், இம்முறை தகட்டை ஊசியால் கீறி. அதைக் 'கீறலச்சு' எனலாம். அமிலம் அரித்து உருவாக்கினால் 'அரிப்பச்சு'.