காத்திருக்க மறுப்பவருக்குக் கேட்டைத் திறக்காதீர்கள்

நான் சிங்கப்பூரில் பிளம்பர். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் பிழைப்பு. அதனால் ஒன்று நன்றாகத் தெரியும்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில், அதிலும் வயதானவர்கள் பகலில் தனியாக இருக்கும் வீடுகளில், கேட் மிகச் சுலபமாகத் திறந்துவிடும். கையில் டூல்பாக்ஸ், கழுத்தில் ஓர் அட்டை, "பைப் பார்க்க வந்திருக்கேம்மா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். யார் அனுப்பினார்கள் என்று கேட்கும் பெரியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு.

யீஷூனில் ஒரு பாட்டி வீட்டுக்குச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். சிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் புத்தம்புதுத் தண்ணீர் வடிகட்டி. இணைப்பைச் சரியாக முறுக்கவில்லை, அதுதான் ஒழுக்கு. "பியூபி ஆபீஸர் வந்து மாட்டிட்டுப் போனாருப்பா" என்றார் பாட்டி. ரசீதைக் காட்டச் சொன்னேன். தண்ணீர் வழங்கும் அரசாங்கக் கழகமான பியூபி என்ற பேச்சே அதில் இல்லை. ஏதோ ஒரு கம்பெனி, ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஒரு தொகை, அடியில் பாட்டியின் கோணல் கையெழுத்து.

வந்தவர் காட்டிய வித்தையைப் பாட்டி அப்படியே விவரித்தார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த தண்ணீர். உலோகக் குச்சிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி அழுக்கு திரண்டுவிட்டது, மற்றது தெளிவாகவே நின்றது. "இதைத்தான் இத்தனை வருஷமா குடிச்சீங்களா?" என்று அவர் கேட்டதும் பாட்டிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டதாம்.

விஷயம் இதுதான். குச்சிகளில் ஒன்று இரும்பு. குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே கொஞ்சம் தாது உப்பு உண்டு, அதனால் மின்சாரம் பாய்கிறது, இரும்பு கரைந்து துருவாகிறது. நாம் பார்க்கும் அழுக்கு அந்தத் துருதான். தாது உப்பை எல்லாம் எடுத்துவிட்ட தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, நிறமும் மாறாது. தெளிவாக நிற்கும் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்துக் குடிக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகமான பியூபி வீடு வீடாக ஆள் அனுப்பி வடிகட்டி விற்பதில்லை.

கேஸ் விஷயத்திலும் இதே கதை. "கேஸ் செக்கிங்" என்று உள்ளே வந்து, ஹோஸ் பழசு, வெடித்துவிடும் என்று பயமுறுத்தி ஏதோ ஒரு 'பாதுகாப்புக் கருவி'யைத் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். ஹோஸுக்கு வயது உண்டு, மாற்றத்தான் வேண்டும். அதை உங்களுக்கு வழக்கமாக சிலிண்டர் போடும் கடைக்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படி அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்பவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தை 5 நாளுக்குள் ரத்து செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை அந்தக் கணக்கில் வராது. எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பிடம் போகலாம். (அடுப்பு கேஸ் வேறு, இந்த கேஸ் வேறு!) பாட்டி வீட்டு ரசீதின் தேதியைப் பார்த்தோம், இரண்டு நாள் பாக்கி இருந்தது. பேத்தி அன்றே கடிதம் எழுதி அனுப்பினாள்.

பெரியவர்களுக்கு விவரம் போதாது, அதனால்தான் ஏமாறுகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பாட்டி ஈரச்சந்தையில் மீன் விலையில் ஐம்பது காசு விட்டுக்கொடுக்க மாட்டார். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு மத்தியானம் வரை பேச ஆளில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து தமிழில் "சாப்பிட்டீங்களாம்மா?" என்கிறார். வந்தவரை வாசலில் நிற்கவைத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்த தலைமுறை அது. முகத்தை முறித்துக்கொள்ள மனம் வராது.

அதனால் "யாரையும் நம்பாதே" என்று சொல்லிப் பயனில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று: கேட்டைப் பூட்டியே வையுங்கள், வந்தவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். காற்றுக்காக மரக்கதவு திறந்திருக்கட்டும், பரவாயில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "பையன் குளிக்கிறான், வரட்டும்" என்றால் யார் மனமும் புண்படாது. தனியாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொசு பார்க்க வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள், முதியோரிடம் நலம் விசாரிக்க வரும் தொண்டூழியர்கள் என்று உண்மையான ஆட்களும் கதவைத் தட்டத்தான் செய்கிறார்கள். அட்டையைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள், அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்கும்வரை நிற்பார்கள். நானும் நிற்பேன். அந்த எண்ணை மட்டும் வந்தவரிடம் கேட்காமல் நீங்களே தேடி எடுங்கள். "இன்னைக்கு ஒரு நாள்தான்", "மேலதிகாரி கோபப்படுவார்" என்று அவசரப்படுத்துகிறவர் போகட்டும். அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டை எடுத்துத் தருகிறேன் என்று போனையோ சிங்பாஸ் மின்னடையாளத்தையோ கேட்பவரும் அப்படியே போகட்டும். அதற்குச் சமூக மன்றத்தில் உதவி கிடைக்கும்.

இதைவிட ஆபத்தானது போனில் தொடங்கி வாசலில் முடிவது. முதலில் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர். உங்கள் பெயரில் கள்ளப்பணம் போயிருக்கிறது என்பார். அப்புறம் 'போலிஸ் அதிகாரி'க்கு லைனை மாற்றிவிடுவார். வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, போனை வைக்கக்கூடாது என்று மணிக்கணக்கில் பேச்சு நீளும். கடைசியில் பணத்தையும் நகையையும் 'விசாரணைக்காக' ஓர் ஆளிடம் கொடுக்கச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் வங்கியில் இருப்பதைவிடப் பீரோவில் இருக்கும் தங்கம்தான் அதிகம், தாலிக்கொடி உட்பட. சிங்கப்பூர் போலிஸ் யாரிடமும் போனில் பேசி நகையை வாங்கிக்கொள்வதில்லை. அரசாங்க அதிகாரி எவரும் பணத்தை மாற்றச் சொல்லவும் மாட்டார்.

இங்கேதான் பக்கத்து வீட்டுக்காரர் உதவ முடியும். எப்போதும் காரிடாரில் நின்று பேசும் ஆன்ட்டி திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டே இருக்கிறாரா? காதில் போனோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போகிறாரா? நிறுத்திக் கேளுங்கள். நம் வேலை இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். பக்கத்தில் இருப்பது சீனப் பாட்டியோ மலாய்ப் பாட்டியோ, அந்த வயதில் பலருக்கும் பாஸார் மலாய், அதாவது சந்தையில் பேசும் எளிய மலாய், தெரியும். "ஜாங்ஙான் பூக்கா, திறக்காதே" என்று காரிடாரில் நின்றே ஒரு குரல் கொடுத்தால் போதும்.

சிசிடிவி வைக்க விரும்பினால், 2023 முதல் காரிடாரை நோக்கி வைக்க முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. அண்டைவீட்டுக் கதவையோ சன்னலையோ பார்க்கும்படி மட்டும் வைக்கக்கூடாது. வங்கிக் கணக்கில் ஒரு பகுதியை ஆன்லைனில் எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியும் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி வங்கிகளில் உண்டு. பெரியவரைக் கிளைக்கு நேரில் அழைத்துப் போய் ஒரு தடவை செய்துவிட்டால் முடிந்தது.

சந்தேகம் என்றால் 1799, மோசடி பற்றிக் கேட்கும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆள் வாசலிலேயே நிற்கிறான் என்றால் போலிஸ், 999. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் வங்கிக்கும் போலிஸுக்கும் போன் போடுங்கள். அம்மாவைத் திட்டுவதாக இருந்தால் அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். திட்டு வாங்கியவர் அடுத்த முறை நம்மிடம் சொல்லாமலே இருந்துவிடுவார்.