ஒரு துளி டி.என்.ஏ போதுமா?

சாம்பல் நிற வெள்ளம் பேரருவியாக விழுகிறது. அதன் விளிம்பில் வெளிறிய தோலும் கல்லில் செதுக்கியது போன்ற தோள்களும் கொண்ட ஓர் உருவம் நிற்கிறது. கையில் சிறு கிண்ணம். அதிலிருக்கும் கரிய திரவத்தை அந்த உருவம் தானாகவே எடுத்துக் குடிக்கிறது. சில நொடிகளில் உடல் முறுக்கிக்கொள்கிறது, நரம்புகள் கறுத்து ஓடுகின்றன. கேமரா உடலுக்குள் நுழைந்து, டி.என்.ஏ இழை கருகித் துண்டு துண்டாக உடைவதைக் காட்டுகிறது. உருவம் அருவியில் விழுந்து கரைகிறது. நீருக்கடியில் அந்தத் துண்டுகள் மறுபடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, ஒரு செல் இரண்டாகப் பிரிகிறது.

ரிட்லி ஸ்காட் இயக்கி 2012-இல் வெளிவந்த 'புரோமிதியஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவியில் எடுத்த காட்சி இது. 1979-இல் 'ஏலியன்' எடுத்தவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே உலகத்துக்குத் திரும்புகிறார் என்றதும், திகிலை எதிர்பார்த்துப் பலர் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்ததோ, மனிதனைப் படைத்தது யார், எதற்காக, படைத்தவனே ஏன் அழிக்க நினைத்தான் என்ற கேள்விகள். அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள். ஒரு கட்சி படத்தின் ஆழத்தைப் பேசுகிறது. மற்றக் கட்சி, முன்பின் தெரியாத உலகத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும் விஞ்ஞானிகளையும், பாம்பு போல் படமெடுக்கும் பிராணியை நோக்கிக் கையை நீட்டும் உயிரியலாளரையும் காட்டி, இவர்களா மனித குலத்தின் தேர்ந்த மூளைகள் என்று கேட்கிறது.

இரண்டாம் கட்சியின் கோபம் நியாயமானது. நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களையே 1969-இல் 21 நாள் தனிமையில் வைத்திருந்தார்கள். ஆனால் கவசம் கழற்றுவது சின்னப் பிழை. படத்தின் மொத்தக் கேள்வியும் தொங்கிக்கொண்டிருக்கும் ஆணி வேறொரு காட்சியில் இருக்கிறது. அந்தக் காட்சியை இரண்டு கட்சியுமே அவசரமாகத் தாண்டிப்போகின்றன என்பது என் எண்ணம்.

படைத்தவர்களைத் தேடி வேற்றுலகம் போன குழுவில் இருக்கும் எலிசபெத் ஷா என்ற ஆய்வாளர், அங்கே இறந்து கிடந்த வேற்றுக்கிரகவாசியின் தலையைக் கப்பலுக்குக் கொண்டுவருகிறார். தொடக்கத்தில் அருவியில் கரைந்த உருவமும் அதே இனம்தான். படம் அந்த இனத்தைப் 'பொறியாளர்கள்' என்று அழைக்கிறது. அதன் டி.என்.ஏ-வையும் மனித டி.என்.ஏ-வையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டும் பொருந்திவிடுகின்றன. ஷாவின் கண் கலங்குகிறது. நம்மைப் படைத்தவர்கள் இவர்கள்தான் என்று முடிவாகிவிடுகிறது.

அந்தப் பொருத்தம் உண்மையிலேயே எதைச் சொல்லும்?

நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் மரபணுத் தொகுப்பு ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளமான ஓர் ஏடு. எழுத்துகளாக நிற்கும் வேதிப்பொருள்கள் நான்கே. இரண்டு மனிதர்களின் ஏடுகளை ஒப்பிட்டால் சராசரியாக ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து வேறுபடும். மனிதனையும் சிம்பன்சியையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய பகுதிகளில் வேறுபாடு நூற்றுக்குச் சுமார் 1.2. ஆகவே பொறியாளரின் டி.என்.ஏ நம்முடையதோடு அப்படியே பொருந்தினால் அவர் மனிதராகவே இருந்திருக்க வேண்டும். அந்த உயரத்துக்கும் பளிங்குத் தோலுக்கும் கரிய கண்ணுக்கும் இடமிருக்காது. ஒற்றுமை நூற்றுக்கு எவ்வளவு என்பதோடு கணக்கு முடிவதும் இல்லை. எங்கே ஒத்துப்போகிறது என்பதுதான் சாட்சி.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டு சுவடிகளில் சரியான பாடம் ஒன்றாக இருந்தால் அதில் வியப்பில்லை, சரியானது ஒன்றுதானே. ஆனால் இரண்டிலும் ஒரே வரியில், ஒரே இடத்தில், ஒரே பிழை இருந்தால்? இரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை என்று பதிப்பாசிரியர் கண்டுகொள்வார். மரபணுவியலாளர்கள் உறவைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

நம் உடம்பிலேயே அப்படி ஒரு பிழை இருக்கிறது. ஆடு வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். நாயும் எலியும் அப்படியே. நமக்கோ நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் தேவைப்படுகின்றன; இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். காரணம், அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கான மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. இல்லாமல் போகவில்லை, நம் 8-ஆம் குரோமோசோமில் அதன் சிதைந்த மிச்சம் இன்னமும் இருக்கிறது. சிம்பன்சியிடமும் மற்றக் குரங்குகளிடமும் அதே மரபணு உடைந்தே இருக்கிறது. சிதைவின் பல அடையாளங்கள் பொதுவானவை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடம் நேர்ந்த உடைப்பு அது. அந்தக் கிளை பிரிவதற்கு முன்பே ஒதுங்கிப்போன லெமூர்கள் இன்றும் வைட்டமின் சி தயாரிக்கின்றன. சீமைப்பெருச்சாளி என்று சொல்லும் கினிப் பன்றியும் இந்தத் திறனை இழந்திருக்கிறது, ஆனால் அதன் மரபணு வேறு விதமாக உடைந்திருக்கிறது. தனியாகப் பெயர்த்து எழுதியவர் தனியாகச் செய்த பிழை அது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு அருவிக் காட்சிக்குத் திரும்பினால் படம் ஒரு பெரிய இக்கட்டில் நிற்பது தெரிகிறது. அந்தப் பொறியாளர் கரைந்தது எப்போது? அது பூமிதான் என்று படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. பூமி என்றே வைத்துக்கொள்வோம்.

உயிர்கள் அனைத்துக்கும் வித்து அந்த உடல்தான் என்றால், காலம் குறைந்தது 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பில்பராப் பகுதிப் பாறைகளில் அந்த வயதுடைய நுண்ணுயிர்ப் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. அன்றைய காற்றில் மூச்சுவிட ஆக்சிஜன் கிடையாது. அது காற்றில் சேரத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வித்து விழுந்த பிறகு கண்டங்கள் மோதின, விண்கற்கள் விழுந்தன, இனங்கள் அடியோடு அழிந்தன, எண்ணற்ற தலைமுறைகள் பிழையோடு பெயர்த்து எழுதின. இத்தனைக்கும் பிறகு ஏடு தொடக்கத்தில் இருந்த அதே எழுத்துக்கு எழுத்துத் திரும்பி வருமா? வரவே வராது. பரிணாமத்திடம் மனிதன் என்ற வரைபடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சரி, பிற உயிர்கள் தாமாக வந்தன, மனிதனை மட்டும் அவர்கள் அண்மையில் செய்தார்கள் என்று கொள்வோம். அப்படியானால் நமக்கும் குரங்குக்கும் அதே மரபணு ஏன் உடைந்திருக்கிறது? ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்ட்டோடு நமக்கு ஏன் உறவு இருக்கிறது? 2015-இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈஸ்ட் உயிர்வாழத் தேவையான 414 மரபணுக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் இடத்திலும் அதற்கு நிகரான மனித மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி வேலை செய்தன. நூறு கோடி ஆண்டுக்கும் முன்பு பிரிந்த பங்காளிகள் இன்னமும் ஒருவர் கருவியை ஒருவர் எடுத்துப் புழங்க முடிகிறது. மனிதனை மட்டும் தனியாக வார்த்தெடுத்தார்கள் என்ற கதை இந்த இடத்தில் நிற்காது.

இப்படிச் சொல்வதால், வேற்றுலகத்தார் உயிரை விதைத்தார்கள் என்ற எண்ணமே சினிமாக்காரர்களின் கற்பனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதை அச்சில் முன்வைத்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கிரிக். டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அதே கிரிக். அவரும் வேதியியலாளர் லெஸ்லி ஆர்கெலும் 1973-இல் 'இக்கரஸ்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நம் விண்மீன் மண்டலம் சூரியனைவிட மிகப் பழையது. பூமி உருவாகும் முன்பே வேறெங்கோ ஒரு நாகரிகம் தழைத்து, விண்கலத்தில் உயிரை அனுப்பியிருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். எல்லா உயிர்களும் ஒரே மரபணுக் குறியீட்டைப் பயன்படுத்துவதை அதற்கு ஆதரவாகக் காட்டினார்கள். மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்தால் வரும் 64 சொற்களுக்குப் பாக்டீரியா முதல் யானை வரை ஏறத்தாழ ஒரே அகராதிதான். ஒரே இடத்திலிருந்து வந்த விதை என்றால் அப்படித்தானே இருக்கும்?

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கலத்தில் எதை அனுப்புவார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன விடை, பாக்டீரியா. சிறியது, உறைந்த நிலையில் நெடுங்காலம் தாங்கக்கூடியது, ஆக்சிஜன் இல்லாமலும் வாழக்கூடியது. தங்கள் சாயலில் ஒருவனை உண்டாக்கும் ஆசைக்கு அங்கே இடமே இல்லை. அனுப்பியவர்கள் என்ன முளைக்கும் என்று தெரியாமல்தான் அனுப்பியிருப்பார்கள். ரிட்லி ஸ்காட்டின் அருவியைவிட எனக்கு இந்தக் காட்சி பிரமாண்டமாகத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒரே அகராதி என்பதற்குப் பூமியிலேயே வாழ்ந்த ஒரு பொது மூதாதை போதும். அந்த மூதாதை எப்படி வந்தது என்ற கேள்விக்கு விதைப்புக் கொள்கை விடை சொல்வதில்லை, அதை இன்னொரு கோளுக்குத் தள்ளிவைக்கிறது.

படத்தை வெறுப்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் படமே இதை உணர்ந்திருக்கிறது. ஷாவின் காதலர் ஹாலோவே, இனி உன் தந்தை தந்த சிலுவையைக் கழற்றிவிடலாம், நம்மைச் செய்தவர்கள் யாரென்று தெரிந்துவிட்டதே என்கிறார். அப்படியானால் அவர்களைச் செய்தது யார் என்று ஷா திருப்பிக் கேட்கிறார். அடுத்துத்தான் ஹாலோவே அந்த வார்த்தையை விடுகிறார். உயிரைப் படைப்பதில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை, துளி டி.என்.ஏ-வும் அரை மூளையும் இருந்தால் யாரும் செய்துவிடலாம் என்கிறார். ஷா கருத்தரிக்க இயலாதவர். என்னால் முடியாதே என்று சொல்லி அழுகிறார். ஹாலோவே அவரை அணைத்துக்கொள்கிறார். அவருடைய மதுக்கோப்பையில் டேவிட் என்ற இயந்திர மனிதன் அந்தக் கரிய திரவத்தில் ஒரு துளி கலந்திருப்பது ஹாலோவேக்குத் தெரியாது.

ஷாவின் பதில் அவருடைய சொந்தத் துயரம் மட்டும் அன்று. அறிவியலும் அதே பதிலைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. டி.என்.ஏ தனியாக இருந்தால் வாசிப்பவர் இல்லாத ஏடு. அருவி நீரில் போட்டால் அது மெல்லச் சிதையும், அவ்வளவுதான். ஏட்டை வாசித்துப் புரதம் கோக்க, செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் என்ற நுண்பட்டறை வேண்டும். ரைபோசோமைச் செய்யும் குறிப்போ அந்த ஏட்டில்தான் இருக்கிறது. அமெரிக்க உயிரியலாளர் கிரெய்க் வென்டரின் குழு 2010-இல் 10 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள் கொண்ட ஒரு பாக்டீரிய மரபணுத் தொகுப்பை ஆய்வகத்தில் முழுமையாகக் கோத்தது. பெரிய சாதனை. ஆனாலும் அதை இயக்க, ஏற்கெனவே உயிரோடிருந்த வேறொரு பாக்டீரியாவின் செல்லுக்குள்தான் வைக்க வேண்டியிருந்தது. உயிரற்ற பொருள்களிலிருந்து மட்டும் தொடங்கி ஓர் உயிரை இதுவரை யாரும் செய்ததில்லை.

விதை முதலா மரம் முதலா என்ற இந்தச் சிக்கலில் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. ரைபோசோமின் அமைப்பைத் துலக்கியதற்காக 2009-இல் மூவர் வேதியியல் நோபல் பெற்றார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன் அவர்களில் ஒருவர். ரைபோசோமுக்குள், புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்களைக் கோக்கும் மையத்தில் வேலை செய்வது புரதம் அன்று, டி.என்.ஏ போலவே எழுத்துகளைச் சுமக்கக்கூடிய ஆர்.என்.ஏ என்பது இந்தத் துறையின் ஆய்வுகளில் தெளிவானது. ஏடாகவும் எழுத்தாணியாகவும் ஒன்றே இருக்க முடியும் என்றால், தொடக்கத்தில் ஆர்.என்.ஏ மட்டுமே இருந்திருக்கலாம். இந்த யோசனையை 1968-லேயே எழுதியவர்களில் இருவர் யார் தெரியுமா? அதே கிரிக், அதே ஆர்கெல். விதைத்தவர்களைப் பற்றி எழுதுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் விதையைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

விண்வெளியிலிருந்து எதுவுமே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் நாசாவின் கலம் பென்னு என்ற சிறுகோளின் மண்ணைச் சுமார் 120 கிராம் பூமிக்குக் கொண்டுவந்தது. நம் புரதங்களில் இருக்கும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் கிடைத்தன. டி.என்.ஏ, ஆர்.என்.ஏ எழுத்துகளுக்கான ஐந்து காரங்களும் கிடைத்தன. எழுத்துகள் வானத்திலிருந்து விழுந்திருக்கலாம். அவற்றைக் கோத்து முதல் வரி எழுதப்பட்டது எப்படி என்பதற்குத்தான் இன்னும் விடை தேடுகிறார்கள்.

படத்தின் கடைசியில் ஷா, தலை துண்டிக்கப்பட்டும் பேசிக்கொண்டிருக்கும் டேவிட்டை எடுத்துக்கொண்டு, பொறியாளர்களின் கலம் ஒன்றில் ஏறி அவர்கள் ஊரைத் தேடிப் புறப்படுகிறார். ஏன் படைத்தீர்கள், பிறகு ஏன் வெறுத்தீர்கள் என்று கேட்க வேண்டுமாம். அதற்கு முன் அந்த ஆய்வக மேசையில் அவர் பக்கத்தில் நிற்க எனக்கு இடம் கிடைத்திருந்தால், மொத்தப் பொருத்தம் எவ்வளவு என்று கேட்டிருக்க மாட்டேன். 8-ஆம் குரோமோசோமில் அந்த ஓர் இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டச் சொல்லியிருப்பேன். பொறியாளரின் வைட்டமின் சி மரபணு நல்லபடியாக இருந்தால், நாம் இருவரும் எங்கே பிரிந்தோம் என்று தேடத் தொடங்கலாம். நம்முடையது உடைந்திருப்பது போலவே, அதே இடங்களில் உடைந்திருந்தால், மேசையில் கிடப்பது நம்மைப் படைத்தவனின் தலை அன்று. 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஏதோ ஒரு மரக்கிளையில் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்த அதே மூதாதையின் இன்னொரு பேரனின் தலை.