சராசரிக்கு முன் ஒரு வரைபு போட்டுப் பாருங்கள்

நிலாவெளிப் பக்கத்து மீன்பிடிக் கிராமம் ஒன்றில் எங்கள் அளவாய்வு முடிவுகளை மக்களுக்கு வாசித்துக் காட்டிய நாள் அது. ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் இவ்வளவு என்று திரையில் ஓர் எண்ணைக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த வயதான சம்மாட்டி (படகும் வலையும் சொந்தமாக வைத்திருப்பவர்) ஒருவர் எழும்பி, "தம்பி, இந்தக் காசு எங்கட ஊரில ஆருக்கு வருது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். பதில் என்னிடம் இல்லை.

அன்றிரவு திருகோணமலையில் அறைக்கு வந்து, அறிக்கை எழுதும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். வருமானத் தரவுக்கு ஒரு வலையுருவரையம் (histogram) போட்டேன். எந்த வருமான மட்டத்தில் எத்தனை வீடு என்று தூண்களாகக் காட்டும் படம் அது. இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு மேடுகள் வந்தன. நான் காட்டிய சராசரி இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் கிடந்தது. அந்த வருமானம் உள்ள வீடு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஐயா கேட்டது நியாயம்தான்.

மேடு ஏன் இரண்டு? ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தேன், வயதால் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நேர்காணல் திகதியால் பிரித்ததும் பிடிபட்டது. ஓகஸ்டில் தொடங்கிய வேலை வாகனம், அனுமதி என்று இழுபட்டு டிசம்பரில்தான் முடிந்திருந்தது. ஓகஸ்ட் சோளகக் காற்றுக் காலம், நம் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பரில் வாடைக்காற்று அடிக்கும், சின்னப் படகுகள் கரையில் கிடக்கும். இந்த இரண்டு காலத்திலும் போய் "போன மாத வருமானம் எவ்வளவு" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில்களை ஒன்றாகக் கூட்டி வகுத்திருக்கிறேன்!

புள்ளிவிபரவியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கொம் 1973இல், எண்ணை நம்பும் முன் வரைந்து பார்க்க வேண்டும் என்று காட்டவென்றே நான்கு சிறிய தரவுத் தொகுதிகளைச் செய்து காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் ஒரு மாறியின் சராசரி 9, மற்றதன் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து கூடிக் குறைகின்றன என்று சொல்லும் இணைபு (correlation) ஏறத்தாழ 0.82. எண்களை மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றுதான். ஒவ்வொரு சோடி எண்ணையும் ஒரு புள்ளியாகக் குறிக்கும் சிதறல் வரைபு போட்டால் ஒன்று சாதாரணமாகச் சிதறிய நேர்கோட்டுப் போக்கு, ஒன்று வளைவு, ஒன்று தனியே விலகிய ஒரு புள்ளியால் சாய்ந்த கோடு. நான்காவதில் ஒரே ஒரு புள்ளிதான் உறவு இருப்பது போலக் காட்டுகிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைக் கையால் வரையக் கொடுப்பேன். முணுமுணுப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

எக்செலில் 2016 பதிப்பிலிருந்தே வலையுருவரையமும், நடு அரைவாசித் தரவு எங்கே கிடக்கிறது என்று பெட்டியாகக் காட்டும் பெட்டி வரைபும் (box plot) இருக்கின்றன. தனி மென்பொருள் தேவையில்லை. ஆனால் அது தானாகத் தரும் வகுப்பாயிடையை, அதாவது ஒரு தூண் பிடிக்கும் அகலத்தை, அப்படியே நம்ப வேண்டாம். ஆயிடை அகலமானால் இரண்டு மேடும் ஒன்றாகிவிடும். இரண்டு மூன்று தடவை மாற்றிப் பாருங்கள். வயதுக்குப் போட்டால் 40, 45, 50 என்று தூண்கள் துருத்தி நிற்கும். ஆட்கள் வயதை உத்தேசமாகச் சொன்னதன் அடையாளம் அது. வலது மூலையில் தனியாக ஒரு தூண் நின்றால், "பதில் இல்லை" என்பதற்கு நாம் கொடுத்த 9999 என்ற குறியீடு வயதாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

பெட்டி வரைபைத் தரவு சேகரித்தவர் வாரியாகவும் ஒருமுறை போடுங்கள். எங்கள் குழுவில் ஒரு பிள்ளையின் பெட்டி மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கள்ள வேலை என்று நினைத்துவிட்டேன். விசாரித்தால், மாத வருமானத்துக்குப் பதிலாக நாட்கூலியைக் கேட்டு எழுதியிருக்கிறா. வினாக்கொத்தில் எங்கள் வசனம்தான் தெளிவில்லை.

வட்ட வரைபு நம் அலுவலகங்களின் செல்லப்பிள்ளை. "தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்" என்ற கேள்விக்குக் கிணறு, குழாய், பவுசர் என்று ஒரு வீடே மூன்றையும் சொல்லும். கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டும். எக்செல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வட்டத்துக்குள் அமுக்கிவிடும். இந்த மாதிரிக் கேள்விக்குச் சலாகை வரைபு (bar chart) போடுங்கள், அச்சைப் பூச்சியத்தில் தொடங்குங்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் சொன்னாலும் 60 சதவீதம்தானே.

சரி, அந்தக் கிராமத்துக்குத் திரும்பவும் போனேன். இரண்டு மேட்டு வரைபைப் பெரிதாக அச்சடித்து மண்டபச் சுவரில் ஒட்டினேன். அதே சம்மாட்டி ஐயா கிட்ட வந்து விரலை வைத்து, "இது வாடை, இது சோளகம்" என்றார். நான் விளக்க வேண்டியே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கரைவலைக்காரர் இதில எங்க நிக்கினம்?" என்று கேட்டார்.

கணினியைத் திறந்து தேடினேன். எங்கள் வினாக்கொத்தில் தொழில் என்ற இடத்தில் "மீன்பிடி" என்று ஒரே ஒரு தெரிவுதான் இருந்தது.