பல்வலியும் சுகரும் சேர்ந்த பூனைக்குக் களி வேண்டாம்

வேலூர்ப் பக்கம் சுகர் என்று யாராவது சொன்னால் போதும், பேச்சு நேராகக் கேழ்வரகில் போய் நிற்கும். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூனைக்குச் சுகர் என்று கால்நடை டாக்டர் சொன்னதும், "பால்சோறை நிறுத்திட்டு களியைக் கரைச்சு ஊத்தலாமா, பல்லு வேற வலிக்குது அதுக்கு" என்று அந்த வீட்டு அக்கா கேட்டார். அக்கறையில் வந்த கேள்வி. ஆனால் வேண்டவே வேண்டாம்.

காரணம் பூனையின் கல்லீரலில் இருக்கிறது. நாம் சோறு சாப்பிட்டு ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது, அதைப் பிடித்துச் சேமிக்கக் குளுக்கோகைனேஸ் என்ற நொதி நம் கல்லீரலில் வேலை செய்கிறது. பூனைக்கு அது இல்லை என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் எச்சிலிலும் இல்லை. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணுவே பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார் கண்டறிந்தார்கள். தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் பூனை இறைச்சியின் புரதத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது; சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கல்லீரலில் அந்த வேலை நிற்பதில்லை. இப்படிப்பட்ட உடம்பில் கேழ்வரகைக் கொட்டினால், 100 கிராம் மாவில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து, ஏறிய சர்க்கரை பல மணி நேரம் இறங்காது. அரிசிக்குப் பதில் ராகி, ராகிக்குப் பதில் ஓட்ஸ் என்று மாற்றுவதெல்லாம் மனிதருக்கான கணக்கு.

பூனைக்கு வரும் சுகர் பெரும்பாலும் நமக்கு வரும் இரண்டாம் வகை மாதிரிதான்: இன்சுலின் சுரக்கும், உடம்பு அதற்குச் செவிசாய்க்காது. வயதான, குண்டான, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு அதிகம் வருகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கும், மண் தட்டு சீக்கிரம் நனையும், நன்றாகத் தின்றும் இளைக்கும். நரம்பு பாதித்துவிட்டால் பின்னங்கால் குதிகால் தரையில் படிய நடக்கும்.

இதில் பல் எங்கே வந்தது? ஈறு வீங்கிச் சீழ் பிடித்தால் அங்கிருந்து கிளம்பும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து, உடம்பை இன்சுலினுக்கு இன்னும் மந்தமாக்குகின்றன. சர்க்கரை கூடுகிறது. சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்து ஈறு மேலும் கெடுகிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்தியம் பார்த்தால் இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகும், வாய் நாறிக்கொண்டே இருக்கும்.

வலி இருக்கிற பூனையைக் கவனித்துப் பாருங்கள். பசியோடு தட்டுக்கு ஓடிவரும், முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லப் பார்த்துக் கீழே போட்டுவிடும், சில சமயம் சாப்பாட்டைப் பார்த்தே சீறிவிட்டு ஓடும். "திமிரு, வேற கேக்குது" என்று நினைத்துவிடுகிறோம். ஈறு ஓரத்தில் பல்லை உடம்பே அரித்துத் தின்னும் நோய் ஒன்று பூனைகளுக்குச் சகஜம், அந்த இடத்தைத் தொட்டால் மயக்கத்தில்கூடத் தாடை வெடவெடக்கும்.

வாய்ப்புண்ணுக்கு ஸ்டீராய்டு போட்டால் இரண்டே நாளில் நன்றாகத் தின்னும், அதனால் அது சுலபமான வழியாகத் தெரியும். ஆனால் ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும், வாரக்கணக்கில் நிற்கும் ஊசியாக இருந்தால் திரும்ப எடுக்கவும் முடியாது. சுகர் உள்ள பூனை என்று ஊசி போடுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். கெட்ட பல்லைப் பிடுங்குவதுதான் பல நேரம் சரியான வைத்தியம். எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டால் எப்படித் தின்னும் என்ற பயம் வேண்டாம். பூனையின் தாடை நம்முடையதைப் போலப் பக்கவாட்டில் அரைக்காது, கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் மாதிரி வெட்டத்தான் செய்யும், வெட்டியதை அப்படியே விழுங்கிவிடும். புண் ஆறியதும் முப்பது பல்லும் போன பூனைகூட மென்மையான தீனியை நன்றாகவே சாப்பிடும். அறுவை அன்றைக்கு இன்சுலின் எவ்வளவு என்று மட்டும் டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

தட்டில் என்ன வைப்பது? மொறுமொறு தீனி பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் என்பார்கள். பல்லுக்கென்றே தயாரித்த சில வகைகளைத் தவிர்த்தால் அதில் பெரிதாக உண்மை இல்லை. அந்த உருண்டைகள் உதிராமல் நிற்க மாவு வேண்டும், அதனால் மாவுச்சத்து பெரும்பாலும் அதிகம். தண்ணீரில் ஊறவைத்தால் பல்லுக்கு இதம், மாவு எங்கேயும் போகவில்லை. பாக்கெட்டின் பின்பக்கம் புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் என்று போட்டிருப்பதைக் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள், மிச்சம்தான் மாவுச்சத்து. மொறுமொறு தீனியில் 32, 12, 4, 10, 8 என்று இருந்தால் 66, மிச்சம் 34. ஈரத் தீனிப் பையில் 9, 3, 1, 83, 2 என்று இருந்தால் 98, மிச்சம் 2. ஈரத்தை நீக்கிவிட்டு ஒப்பிட்டாலும் முதலாவதில் 38 சதவீதம், இரண்டாவதில் 12தான் வரும். கூழ் போன்ற ஈரத் தீனியே வாய்க்கும் சர்க்கரைக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. கிரேவி வகையில் கெட்டிப்படுத்த மாவு சேர்ப்பதுண்டு, அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். லேசாக வெதுவெதுப்பாக்கி வைத்தால் வாசனை எழும், வலியில் தயங்கும் பூனையும் வரும். கத்திரி வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள்.

வேகவைத்த கோழியை மிக்ஸியில் அரைத்துக் கொடுப்பது சில நாளுக்குச் சரி. அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து போதாது, டாரின் என்ற சத்தும் குறையும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பிரியாணிப் பீஸைக் கழுவிக் கொடுத்தால்கூட ஆபத்து, வெங்காயமும் பூண்டும் கறிக்குள் இறங்கியிருக்கும், அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருந்தால் சாப்பாட்டுக் கணக்கே வேறு, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும்போது தீனியை நீங்களாகத் திடீரென்று மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் மளமளவென்று இறங்கும், சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு, பழைய அளவையே போட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். அப்புறம் சிரிஞ்சு. நம் மெடிக்கல் ஷாப்பில் சிவப்பு மூடி 40 சிரிஞ்சும் ஆரஞ்சு மூடி 100 சிரிஞ்சும் கிடைக்கும்; ஒரு மில்லியில் எத்தனை யூனிட் இன்சுலின் என்பதுதான் அந்த எண். பூனைகளுக்கு அதிகம் எழுதித் தரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 வகை. அதை 40 சிரிஞ்சில் எடுத்தால் ஒரு யூனிட் என்று நினைத்து இரண்டரை யூனிட் போட்டுவிடுவீர்கள், நாலு கிலோ உடம்புக்கு அது பெரிய வித்தியாசம்.

வாய் வலித்து ஒரு வேளை சாப்பிடாவிட்டால் வழக்கமான அளவைப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். முழுதாக ஒரு நாள் சாப்பிடவில்லை என்றால் அதற்குமேல் காத்திருக்கக் கூடாது, பட்டினியில் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். இன்சுலினால் சர்க்கரை தாழ்ந்து தள்ளாடினாலோ துவண்டு விழுந்தாலோ வலிப்பு வந்தாலோ, வாயில் எதையும் ஊற்றாமல், தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் கொஞ்சம் தடவிவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.