செயின்சா: தமிழில் சங்கிலிவாள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலையில் எங்கள் வியாசர்பாடித் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே கிடந்தது. இரண்டு பேர் கைரம்பத்தோடு மதியம்வரை மல்லுக்கட்டினார்கள். அப்புறம் யாரோ மிஷின் கொண்டுவந்தார்கள். அரை மணியில் வழி திறந்தது. அதைத் தெருவில் ஆளுக்கொரு பெயரில் சொன்னார்கள்: செயின் மிஷின், கட்டிங் மிஷின், மரம் அறுக்கிற மிஷின். கடைக்காரர்களிடம் அது செயின்சா.

ஆங்கிலச் சொல்லில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. செயின் என்றால் சங்கிலி, சா என்றால் ரம்பம். ஆனால் கருவி பிறந்த இடம் காடு அல்ல. 1830 வாக்கில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர், கையால் சுற்றி ஓட்டும் பல்வைத்த சங்கிலியை எலும்பு அறுப்பதற்காகச் செய்தார். மரத்துக்கு அது பரவலாக வரத் தொடங்கியது 1920களில்தான். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்தில் ஓடுவதைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே டோல்மார் பெட்ரோலில் ஓடுவதைக் கொண்டுவந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மின்ரம்பம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பெட்ரோலில் ஓடுகிற கருவிக்கு அது பொருந்தாது. ‘சங்கிலி ரம்பம்’ எல்லோருக்கும் புரியும். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்பதால் பழைய ஆட்கள் அதை ‘இரம்பம்’ என்று எழுதினார்கள். தெலுங்கிலும் அது ரம்பமு.

அதைவிடப் பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. ஈர்தல் என்றால் அறுத்தல், பிளத்தல். அதிலிருந்து வந்தது ஈர்வாள், அதாவது ரம்பம்; மலையாளத்தில் இன்றும் ஈர்ச்சவாள். வாள் என்றதும் நமக்குப் போர்வாள் மட்டும் நினைவுக்கு வருவது பிற்காலப் பழக்கம். அகநானூற்றின் 24ஆம் பாட்டில் ‘வாளரம் துமித்த வளை’ என்று வருகிறது. சங்கை அறுத்து வளையல் செய்த கருவிக்கு வாளரம் என்று பெயர். வாளும் அரமும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

சங்கிலி வடமொழியிலிருந்து வந்தது. அதற்குத் தமிழில் ‘தொடர்’ உண்டு. புறநானூற்றில் கட்டிப்போட்ட நாயைத் ‘தொடர்ப்படு ஞமலி’ என்கிறார்கள். ஆனால் ‘தொடர்வாள்’ என்று எழுதினால் யாரோ ஒரு பெண் தொடரப்போகிறாள் என்றுதான் படிப்பார்கள். அதனால் சங்கிலிவாள் என்பதே என் தேர்வு.

அரம் என்ற சொல்லின் அருமை எனக்குப் புரிந்தது, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய சங்கிலிவாளை வாங்கியபோது. கடைக்காரர் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்து காட்டினார். நான் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பழையது வாங்கினால் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஆறியிருக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றச் சொல்லி அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டனையும் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. நெடுக்காகக் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஆயில் போதாமல் ஓடிய மிஷின் அது. புதிய மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலந்தால் போதும். பழையவற்றில் பல 40 மில்லி கேட்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை டேங்கிலேயே விட்டுவைத்தால் பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வும் கெட்டுப்போகும்.

வீட்டுக்கு வந்து வேப்பங்கட்டையில் வைத்தேன். புகை வந்ததே தவிர வாள் இறங்கவில்லை. மாவு மாதிரி தூள்தான் கொட்டியது. பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சங்கிலியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். “மிஷின் மேல குத்தம் இல்லப்பா. ராவாமலே ஓட்டிகிறாங்க” என்றார். ராவுதல் என்றால் அராவுதல், அரத்தால் தேய்ப்பது. முதல் அகரம் பேச்சில் போய்விட்டது.

4 மில்லிமீட்டர் உருண்டை அரம் ஒன்றை எடுத்தார். என் மிஷின் சிறியது, பெரிய சங்கிலிகளுக்கு 4.8, 5.5 என்று அரம் தடித்துக்கொண்டே போகும். பல்லுக்குச் சுமார் 30 பாகை சாய்த்துப் பிடித்து உள்ளிருந்து வெளியே தள்ளினார். திரும்பி வரும்போது அரம் பல்லில் படவில்லை; தள்ளும்போதுதான் அரம் வெட்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, நாலு தள்ளு. ஒரு பக்கம் கூடிவிட்டால் வாள் ஏதாவது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாக அறுக்கும்.

அன்று மாலை அதே வேப்பங்கட்டையில் மறுபடி வைத்தேன். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. காலடியில் தூளுக்குப் பதிலாகச் செதில் செதிலாக விழுந்தது.