ஃப்ரீ ஏஜென்ட்: ‘இலவச முகவர்’ அல்லர், தன்வய வீரர்

ஐஸ் ஹாக்கிச் செய்திகளில் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்று வந்தால் ‘இலவச முகவர்’, ‘சுதந்திர முகவர்’ என்றெல்லாம் தமிழாக்குகிறார்கள். இரண்டும் பிழை. வீரருக்காக அணியிடம் சம்பளம் பேசுகிறாரே, அவர்தான் முகவர். ஃப்ரீ ஏஜென்ட் என்பவரோ ஒப்பந்தக் காலம் முடிந்து, வேறு அணியோடு பேசும் உரிமை பெற்ற வீரர்.

‘ஏஜென்ட்’ என்பதன் வேர் இலத்தீன் ‘அகெரே’. செய்தல், இயக்குதல் என்று பொருள். நம் இலக்கணம் கருத்தா, வினைமுதல் என்று சொல்வதே அதன் முதற்பொருள். மனித விருப்பம் கட்டுண்டதா கட்டற்றதா என்ற சமய, தத்துவ வாதங்களில் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ வழங்கியது. விளையாட்டுக்கு அது பின்னர் வந்தது. அமெரிக்க பேஸ்பாலில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரை அணி தன்னிடமே வைத்துக்கொள்ளும் விதி இருந்தது. 1975 டிசம்பரில் தொழில் தகராறைத் தீர்க்கும் நடுவரான பீட்டர் சைட்ஸ், வீரர்கள் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி இருவரையும் அந்தக் கட்டிலிருந்து விடுவித்தார். சொல் பரவியது.

சைவம் இறைவனுக்குச் சொல்லும் எண்குணங்களில் ஒன்று ‘தன்வயத்தன் ஆதல்’. பிறர் வயப்படாமல் தானே இயங்குதல் என்னும் இந்தக் கருத்து ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே ‘தன்வய வீரர்’ என்பதே என் பரிந்துரை. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் 27 வயதோ 7 பருவங்களின் ஆட்டமோ நிறைந்து ஒப்பந்தமும் முடிந்தவர் வரம்பற்ற தன்வய வீரர். பொதுவாக அதற்கு முன் ஒப்பந்தம் முடிபவர் வரம்புள்ளவர். வேறு அணி அவருக்குத் தரும் தொகையைத் தானும் தந்து பழைய அணி அவரைத் தக்கவைக்கலாம்.

அதே செய்திகளில் வரும் இன்னொரு சொல் ‘வெட்டரன்’. அதன் வேர் ‘வெதுஸ்’, அதாவது பழைய. ‘வயதான வீரர்’ என்றால் அனுபவம் விடுபட்டுப்போகும், ‘முதுவீரர்’ நன்று.

தன்வய வீரராகக் கிடைக்கும் முதுவீரரை ஓர் அணி எடுக்கலாமா என்பதற்கு விடை பெரும்பாலும் ஒப்பந்த வடிவில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் நடப்புக்கு வரும் ஆண்டின் ஜூன் 30 அன்று 35 நிரம்பியவருக்குத் தனி விதி உண்டு. ஓர் அணி 36 வயதுக்காரருக்கு முதலாண்டு 40 லட்சம் டாலர், மறு ஆண்டு 20 லட்சம் தருகிறது என்று கொள்வோம். வீரர்களின் சம்பளத்துக்கு ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பில், சராசரியாக ஆண்டுக்கு 30 லட்சம் கணக்காகும். ஓராண்டில் அவர் ஓய்வு பெற்றாலும் மறு ஆண்டின் 30 லட்சம் கணக்கிலிருந்து போகாது; ஒப்பந்தத்தை விலைகொடுத்து முறித்தாலும் குறையாது. 2020 திருத்தத்துக்குப் பின் இதற்கு வழி உண்டு: சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு இறங்காமலும், கையெழுத்திடுவதற்கென்று தரும் ஊக்கத்தொகை முதலாண்டுக்குப் பின் இல்லாமலும் எழுதினால் இந்தத் தண்டனை இல்லை.

ஓராண்டு ஒப்பந்தம் இன்னும் பாதுகாப்பானது. 35 கடந்தவருக்கு அடிச்சம்பளத்தைக் குறைத்து, ஆடும் ஆட்டங்களுக்கேற்ப ஊக்கத்தொகை வைக்கலாம். ஆனால் அத்தொகை ஆண்டு முடிவில் உச்சவரம்பைத் தாண்டினால், மிகுதி அடுத்த ஆண்டின் வரம்பிலிருந்து கழியும். இதை மறக்கும் அணிகள் அடுத்த கோடையில் திணறுகின்றன.

ஒரு வீரரின் மொத்தப் புள்ளிகளை (கோல்களும், கோலுக்குத் தந்த உதவிகளும்) பார்த்து ஏமாறக் கூடாது. எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் எடுத்த புள்ளிகளைத் தனியே பிரியுங்கள். அங்கே கைத்திறன் காப்பாற்றும். ஐவருக்கு ஐவர் ஆடும்போது கால் வேகம் குறைந்தது தெரிந்துவிடும். 2017 அக்டோபரில், பயிற்சி முகாம் முடிந்த பின், 45 வயது யாரோமிர் யாகர் கால்கரி அணியில் ஓராண்டுக்குச் சேர்ந்தார். காயங்களுக்கிடையே 22 ஆட்டங்களில் ஒரே கோல். ஆனால் ஓராண்டு ஒப்பந்தம் என்பதால் அடுத்த ஆண்டுக்குச் சுமை மிஞ்சவில்லை. கோரி பெரி 35 வயதில் 7,50,000 டாலருக்கு மொன்றியல் அணிக்கு வந்தார். அணி 2021 இறுதிச் சுற்றை எட்டியது.

ஜோ பவெல்ஸ்கி 2019 ஜூலை 1 அன்று 3 ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் என்று டல்லாஸ் அணியோடு கையெழுத்திட்டார். ஜூன் 30 அன்று அவருக்கு 34. ஜூலை 11 அன்றுதான் 35. அதனால் 35 வயது விதி அவரைத் தொடவில்லை. மூன்றாம் ஆண்டில் அவர் எடுத்தது 81 புள்ளிகள்.