சொல் விளக்கம்: மின்னணு மருத்துவப் பதிவேடு

மருத்துவமனைகளில் ‘இ.எம்.ஆர்.’ எனச் சுருக்கமாக வழங்கும் ‘எலக்ட்ரானிக் மெடிக்கல் ரெக்கார்டு’ என்பதற்கு நேரான தமிழ் ‘மின்னணு மருத்துவப் பதிவேடு’. நோயாளி வந்த நாள், அளந்த ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவற்றை ஒரு மருத்துவமனை கணினியில் தொடர்ச்சியாகச் சேர்த்து வைப்பதை இது குறிக்கும். அப்பதிவு பல மருத்துவமனைகளுக்கும் நோயாளியோடு சென்றால், ‘மின்னணு நலப் பதிவேடு’ என்பர்.

‘ரெக்கார்டு’ என்பதன் மூலம் நினைவுகூர்தலைக் குறிக்கும் ‘ரெகோர்தாரி’ என்னும் லத்தீன் வினை. அதனுள் இருக்கும் ‘கோர்’ என்பதற்கு நெஞ்சு என்று பொருள். ‘மனத்தில் பதிந்தது’ என்று நாம் சொல்வதும் அதற்கு வெகு அருகில்தான் நிற்கிறது. சிலர் ‘மின்னணு மருத்துவ ஆவணம்’ என எழுதுகின்றனர். ஆவணம் என்றால் பத்திரம்போல ஒருமுறை எழுதிப் பெட்டியில் வைப்பது நினைவுக்கு வருகிறது; ஏடோ புரட்டிப் படிப்பதற்கானது. ஆகவே ‘பதிவேடு’ என்பதே பொருத்தம்.

உயர் ரத்த அழுத்த மருத்துவத்தில் இந்தப் புரட்டிப் படித்தல்தான் உயிர்நாடி. ராமநாதபுரம் கடற்கரையில் ‘பிரஷர்’ என்றும் ‘ரத்தக்கொதிப்பு’ என்றும் சொல்லப்படும் இந்நோய், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மண்டபத்திலோ தொண்டியிலோ மாத்திரை வாங்கும் மீனவர் ஒருவர், தொழிலுக்கு வேறு கரை சென்று தங்கிவிட்டால் மாத்திரை நின்றுபோகிறது. மருத்துவமனை நோட்டு வீட்டில் கிடக்கிறது, அல்லது உப்புநீர் பட்டு மை கரைந்து எண்களே தெரியாமல் போகிறது. பதிவேட்டில் அவர் பெயர் ‘வரவேண்டிய தேதி கடந்தவர்’ பட்டியலில் தானாக ஏறும். செவிலியர் தொலைபேசியில் அழைக்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுசெல்லலாம்.

தவறாமல் வருபவருக்கும் இதனால் பயன் உண்டு. மூன்று வருகைகளில் 158/96, 162/98, 160/100 என எண்கள் வரிசையாகத் திரையில் தெரியும்போது, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ‘அம்லோடிபின்’ மாத்திரை ஒரே அளவில் போதவில்லை என்பதை எவ்வளவு கூட்டத்திலும் மருத்துவர் கவனிக்கலாம். கூட்டம் நெருக்கும் காலையில், தனித்தனித் தாளில் இருக்கும் எண்கள் ‘அதே மாத்திரையைத் தொடருங்கள்’ என்பதோடு முடிந்துபோகின்றன. 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டமும், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு நில்லாமல், பதிந்தவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழ் வந்தது என்று கேட்கிறது. பதிவேடு இல்லாமல் அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

பதிவேட்டில் நோயின் பெயரை ‘உயர் ரத்த அழுத்தம்’ என்றே எழுத வேண்டும். ‘கொதிப்பு’ என்று சொன்னால், கோபத்தால் வருவது, கோபம் தணிந்தால் போய்விடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. எண்ணையும் அளந்தபடியே எழுத வேண்டும்: ஐந்து நிமிடம் அமரவைத்து அளந்த 146/92-ஐ வசதிக்காக 138/88 என்று பதிந்தால், மருந்தைக் கூட்டவேண்டியவரைப் பதிவேடு மறைத்துவிடும்.